உரிக்காத பிளாஸ்டிக்

வான்கூவரில் கம்ப்யூட்டரை வீட்டிலேயே செய்யக் கற்றுத்தரும் ஒரு யூடியூப் சேனலுக்கு வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது ஒடெட்டின் வேலை. கொஞ்ச நாளாக எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: உங்கள் வீடியோவைப் பார்த்துச் செய்த கம்ப்யூட்டர் சூடாகித் தானே அணைந்துவிடுகிறதே, ஏன்?

ஏனென்று அவளுக்குத் தெரியும். வீடியோவில் செய்து காட்டிய ட்ரென்ட், கம்ப்யூட்டரின் சூட்டைத் தணிக்கும் கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிட்டான். படப்பிடிப்பிலேயே அவள் சொன்னாள்.

"கேமரா முன்னாடி என்னைத் திருத்துற வேலையெல்லாம் வெச்சுக்காத" என்று எகிறினான். மறுநாள் முதலாளி ரஸ்ஸல் அவளைக் கூப்பிட்டு, சக ஊழியரிடம் எப்படி நடந்துகொள்வது என்று வகுப்பெடுத்தார். வீடியோ அப்படியே வெளியானது.

"நம்ம தப்புன்னு யாருக்கும் எழுதாத. நீங்கதான் சரியா மாட்டலைன்னு எழுது" என்பது அவர் உத்தரவு. அதையே எழுதி எழுதி அவளுக்கு வெறுத்துப்போயிற்று.

வீடியோவுக்காகச் செய்யும் கம்ப்யூட்டர்கள் அலுவலகத்து மேசைகளுக்குத்தான் போகும். ட்ரென்ட் செய்தது ரஸ்ஸலின் மேசைக்குப் போயிருந்தது.

"ஒடெட், இந்தச் சனியன் மறுபடியும் அணைஞ்சுபோச்சு. என்னன்னு வந்து பாரேன்."

எழுந்திருக்கக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

"கேள்வியை மெயில்ல அனுப்புங்க, ரஸ்ஸல்" என்றாள். "எல்லாருக்கும் எழுதுற பதிலையே உங்களுக்கும் எழுதிடறேன்."