அமாவாசை லீவு

ஜார்க்கண்ட் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று என் கணவர் குணசீலன் போனை நீட்டியபோது, முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த சபிதாவின் கை நின்றது. நாளைக் காலை ராம்தனை சேலத்தில் ரயிலேற்றிவிடுவதாக முடிவு.

ராம்தனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் கோழிப்பண்ணைக்கு வந்து நான்கு மாதம். பதினைந்து நாளாக அவன் தூங்கவில்லை. முதல் வாரம் நாங்கள் அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்தோம். ‘தூங்கவே மாட்டேங்கறான், தங்கமான ஆளு’ என்று இவர் அவனுக்கு ராக்காவலையும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டாவது வாரம், கோழிகள் எல்லாம் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகின்றன என்று அவன் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். நாங்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் இதுதான் வழக்கம். வடக்கிலிருந்து வந்த ஆளுக்கு மூளை குழம்பினால் ரயிலேற்றிவிடுவது. அதற்குப் பிறகு பொறுப்பு ரயிலுடையது. போன வருஷம் பக்கத்துப் பண்ணையில் அப்படி ஏற்றிவிட்ட ஒருவன் வழியில் எங்கோ இறங்கிவிட்டான். அவன் மனைவி ஒரு மாதம் போன் செய்துகொண்டே இருந்தாள்.

“அவர ரயிலேத்தாதீங்க்கா,” என்றாள் சபிதா, என்னிடம்.

சபிதா ஒடிசாக்காரி. புருஷனோடு வந்து எட்டு வருஷமாகிறது. ஒடியா, இந்தி, கொஞ்சம் வங்காளம் தெரியும். எங்கள் தமிழை என்னைவிட நன்றாக இழுத்துப் பேசுவாள். ஆறு வருஷத்துக்கு முன் இரண்டாவது பிரசவம் முடிந்து, பிள்ளையைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான்தான் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவிட்டேன். மூன்றே மாதத்தில் சிரித்துப் பேசினாள். இதை எங்கள் ஊர் வெண்ணந்தூர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். நாலு பேரைக் கயிறு கட்ட அனுப்பியும் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து அமாவாசைதோறும் அவளுக்குக் கோயில் போக லீவு. தேங்காய், கற்பூரம் என் செலவு.

“அவனுக்கும் கயிறு கட்டிப் பாக்கலாமா சாமி? உனக்குச் செரியாச்சில்ல?” என்றேன்.

சபிதா அட்டையைக் கீழே வைத்தாள். “எனக்குக் கயித்துல செரியாகலீங்க்கா. மாத்தரையில ஆச்சு. தடுப்பூசி போட வந்த நர்ஸக்கா சேலத்துல அஸ்தம்பட்டியில மனசுக்குப் பாக்கற டாக்டருகிட்ட அனுப்புனாங்க. இன்னிக்கும் ஒண்ணு போட்டுட்டுத்தான் படுக்கறேன். அமாவாசைக்கு அமாவாசை அங்கதான் போறேனுங்க.”

என் வாயில் முதலில் வந்தது, “அப்ப அந்தத் தேங்கா?” என்பதுதான்.

“கோயில்ல ஒடச்சுட்டுத்தாங்க்கா பஸ் ஏறுவேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருஷம்! “ஏம்புள்ள எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லியிருந்தா வெச்சிருப்பீங்களா?”

அவள் குரலில் குத்தல் இல்லை. உண்மையிலேயே கேட்டாள். இவர் அவளைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த டிக்கெட் தனக்காக இருக்கலாம் என்று தெரிந்துதான் அவள் வாயைத் திறந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

“ஏனுங்க, டிக்கெட்டக் கேன்சல் பண்ணுங்க!”

“பண்ணையில ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?”

“இவ ஆறு வருசமா மாத்தரை போட்டுக்கிட்டு இங்கதான இருக்கறா. என்னாயிருச்சு?”

இவர் முணுமுணுத்துக்கொண்டே போனைத் தட்டினார்.

மறுநாள் காலை நானும் சபிதாவும் ராம்தனைக் கூட்டிக்கொண்டு அஸ்தம்பட்டி போனோம். ராம்தன் டாக்டர் அறை வாசல்வரை வந்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். சபிதா அவனை இழுக்கவில்லை. பையிலிருந்து தன் மருந்துச் சீட்டை எடுத்து, அதிலிருந்த தன் பெயரை விரலால் தொட்டுக் காட்டி, இந்தியில் என்னவோ சொன்னாள். அவன் சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கையை எடுத்தான்.

உள்ளே அவன் நிறுத்தாமல் பேசினான். சபிதா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். முடிந்ததும் டாக்டரம்மா அவளிடம், ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னோடு பண்ணைகளுக்கு வந்து ஆட்களோடு அவரவர் பாஷையில் பேசுவாளா என்று கேட்டார்.

“பேசறேனுங்க. எனக்கு வந்துச்சுன்னு எம்பேரச் சொல்லித்தான் பேசுவேன். யாரோ ஒருத்திக்கு வந்துச்சுன்னா நம்பமாட்டாங்க.”

“நானும் வாரேனுங்க,” என்றேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “கயிறு கட்டச் சொல்லி நாலு பேத்த அனுப்பிச்சேன். அவங்க ஊடு எனக்குத்தான் தெரியும்.”

சபிதா சிரித்துவிட்டாள். நானும்தான்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. சேலம் தாண்டுவதற்குள் ராம்தன் தூங்கிவிட்டான். டாக்டர் போட்ட ஊசியாலோ, பேசித் தீர்த்த களைப்பாலோ, வாயைத் திறந்துகொண்டு லேசான குறட்டையோடு தூங்கினான். எங்கள் நிறுத்தத்தின் பெயரைக் கண்டக்டர் கத்தினார். எழப்போன என் மணிக்கட்டைச் சபிதா பிடித்து, தூங்குகிறவனைக் கண்ணால் காட்டினாள்.

“ராசிபுரத்துக்கு மூணு டிக்கெட் போடுங்க,” என்றேன் கண்டக்டரிடம்.

இறங்க வேண்டிய இடம் பின்னால் போயிற்று. குழியில் பஸ் குலுங்கும்போதெல்லாம் ராம்தனின் தலை ஜன்னல் கம்பியில் மோதியது. சபிதா எழுந்து, தன் துணிப்பையை நாலாக மடித்து, அவன் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.