நாலாவது அட்டை

மாதங்கியைக் கொல்வதற்கு எனக்கு அனுமதி கிடைக்கவேயில்லை. வருஷக்கணக்கில் கேட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், சொல்லாமல் கொல்லவும் பார்த்தேன். நடக்கவில்லை.

மாதங்கி என் மாயாஜால நாவல்களின் நாயகி. ஏழு மலைக்கு அப்பால் ஒரு நாடு, அதற்கு அவள் இளவரசி, கையில் எப்போதும் வாள். மாதம் ஒரு நாவல், நாவலுக்கு ஓர் அசுரன். அவனை அவள் முடிக்க வேண்டும், அவளை மட்டும் நான் முடிக்கக் கூடாது. சென்னையில் இருந்த பதிப்பாளர் சுப்பையா அதில் படு கறார்.

நான் இருந்தது புனேயில், கட்கியில். என் வீட்டுக்காரர் சேவியருக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. தொண்ணூற்று மூன்றில் பொழுது போகாமல் ஒரு கதை எழுதி அனுப்பினேன். சுப்பையா மாதம் ஒன்று கேட்டார். அன்றைக்குப் போன பொழுதுதான், திரும்பி வரவேயில்லை. குக்கர் இறங்கியதும் சாப்பாட்டு மேஜையை ஒரு ஓரமாகத் துடைத்துவிட்டு உட்காருவேன். எதிர்வீட்டு மராத்திக்காரம்மாவுக்கு நான் யாருக்கோ கணக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று நினைப்பு. நானும் திருத்தவில்லை.

என் புத்தகம் கட்கியில் ஒரு கடையிலும் கிடைக்காது. வீட்டிலும் படிப்பவர் இல்லை. மகள் மீனு இங்கிலீஷில் தலையணை தலையணையாக மாயாஜாலம் படிப்பாள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஒரு முறை என் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அந்த நாட்டுக்கு ஒரு மேப் போடவில்லையா என்று கேட்டாள். மேப் இருக்க வேண்டிய பக்கத்தில் மூட்டுவலித் தைலத்தின் விளம்பரம் இருந்தது.

இந்த மாத நாவல் தொழிலில் கதை முதலில் வராது, அட்டைதான் முதலில் வரும். ஒரு பெரிய தாளில் நாலு அட்டையைச் சேர்த்து ஓட்டினால் அச்சுச் செலவு குறையும் என்பதால், நாலு மாதத்துக்கான படங்களும் தலைப்புகளும் ஒரே நாளில் அச்சாகிவிடும். அந்தத் தாளை நாலாக மடித்துக் கூரியரில் எனக்கு அனுப்புவார்கள். படத்தில் குகை இருந்தால் நான் குகையை எழுத வேண்டும், பாம்பு இருந்தால் பாம்பை. வரைகிறவர் பெயர் ஜம்பு. நாங்கள் பார்த்ததில்லை, பேசியதில்லை. அவர் வரைவார், நான் மாரடிப்பேன்.

ஒரு தடவை வெள்ளைப் புலி ஒன்று ஆறு காலோடு வந்தது. மனுஷன் என்ன நினைப்பில் வரைந்தாரோ என்று திட்டிக்கொண்டே சுப்பையாவுக்குப் போன் போட்டேன். அட்டை ஓடியாச்சு, புலிக்கு ஆறு கால் என்று எழுதிவிடுங்கள் என்றார். எழுதினேன். அந்தப் புலிக்கு வந்த வாசகர் கடிதம் மாதங்கிக்குக்கூட வந்ததில்லை. அப்புறம் மூன்று வருஷம் அதையும் கட்டி மேய்த்தேன்.

தொண்ணூற்றொன்பதில் எனக்கு அலுத்துவிட்டது. ஜெயிப்பதும் கிளம்புவதுமாகவே ஒருத்தி எத்தனை காலம் இருப்பாள்? எனக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. ஒரு கதையையாவது உண்மையில் முடிக்க வேண்டும். மாதங்கியை ஒரு பள்ளத்தாக்கில் படுக்கவைத்து, கண்ணை மூடவைத்து, 'முற்றும்' போட்டு அனுப்பினேன். எழுதும்போது அழுதேன், அது நல்ல அழுகை.

புத்தகம் வந்தது. 'முற்றும்' என்பதற்கு மேலே சுப்பையா தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'ஆனால் மாதங்கியின் இமைகள் துடித்தன.' போனில் கத்தினேன். அவர் நிதானமாக, அடுத்த மூன்று அட்டையிலும் அவள் குதிரையில் போகிறாளே, செத்தவளைக் குதிரையில் ஏற்றி எப்படி விற்பது என்று கேட்டார். அடுத்த மாதமே அவளைக் குதிரையில் ஏற்றினேன்.

அதற்குப் பிறகு எனக்குள் ஏதோ ஓய்ந்துபோனது. பழைய அசுரனுக்குக் கொம்பை மட்டும் மாற்றி அனுப்ப ஆரம்பித்தேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்து நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாயிரத்தாறில் வந்த தாளைப் பிரித்தபோது நாலாவது அட்டையில் கண் நின்றுவிட்டது. மாதங்கி ஒரு பாறையில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வாள் தரையில் கிடந்தது. சண்டை இல்லை, புகை இல்லை, வானம் மட்டும். இத்தனை வருஷமாக நான் கேட்டது இதுதானே என்று தோன்றியது. உடனே சுப்பையாவைக் கூப்பிட்டு, இதோடு தொடரை முடித்துக்கொள்கிறேன் என்றேன். தலைப்பைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தேன். 'மீண்டும் எழுந்தாள் மாதங்கி.' முதல் அத்தியாயத்திலேயே வாளை எடுக்க வைத்துவிடுங்கள் என்றார். சரி என்றேன். சரி என்று சொல்வதுதான் எனக்கு அப்போது சுலபமாக இருந்தது.

அதை எழுதும் வேலையே வரவில்லை. அந்தத் தாளின் மூன்றாவது நாவல் வெளிவந்த மாதம் சுப்பையா கூப்பிட்டார். டிவி சீரியல் வந்து எல்லாம் படுத்துவிட்டது, பையன் பள்ளிக்கூட கைடு போடப்போகிறான், மாத நாவல் இனி இல்லை என்றார். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் சேவியர், "அச்சா ஹுவா. பஸ் கரோ, ஜான்சி. எவ்ளோ நாள்தான் எழுதுவ?" என்றார். பாவம், என் மேல் இருந்த கரிசனத்தில்தான் நல்லதாயிற்று, போதும் என்றார்.

எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் இத்தனை புத்தகம் எழுதியும் ஒரு முடிவுகூட என்னுடையதாக இல்லையே என்று வலித்தது. சொந்தமாக உட்கார்ந்து எழுதலாம், யார் தடுத்தார்கள்? யாருக்கு எழுதுவது என்ற கேள்வியில் பேனா மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. அந்தத் தாளை மசாலா டப்பா அலமாரியில் விரித்துப்போட்டேன். மாதங்கியின் முதுகில் மிளகாய்த்தூள் டப்பா உட்கார்ந்தது.

தீபாவளி கழிந்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

"ஜான்சி அம்மாவா? நான் ஜம்பு. அட்டை போடறவன். சுப்பையா கிட்ட நம்பர் வாங்கினேன்."

குரலில் நல்ல வயசு தெரிந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் நான் முதலில் கேட்டது அந்த ஆறு கால் புலியைப் பற்றித்தான்.

"அது நிழல்மா. பிரஸ்ஸுல கறுப்பைக் கூட்டிட்டாங்க. ஆனா நீங்க எழுதினதைப் படிச்சதும், ஆறு காலே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் படித்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் புத்தகம் வந்ததும், தன் படத்துக்கு நான் என்ன கதை கட்டியிருக்கிறேன் என்று முதல் ஆளாக வாங்கிப் பார்ப்பாராம். கொம்பு மாற்றிய அசுரன்களையும் கவனித்திருக்கிறார். உங்களுக்கும் முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டாராம்.

அப்புறம்தான் கூப்பிட்ட காரணத்தைச் சொன்னார்.

"அந்த நாலாவது அட்டைக்குக் கதை வரவேயில்லையே. அவ எதுக்கு வாளைக் கீழ போட்டா? நீங்க எழுதுவீங்கன்னு இருந்தேன்."

"நீங்கதானே சார் போட வெச்சீங்க?"

"எனக்கு விரல் நடுங்குதும்மா. வாள் பிடிச்ச கையை இனிமே வரைய வராது. முகமும் வராது. அதான் திருப்பி உக்கார வெச்சேன். அது என் காரணம். அவளோட காரணம் என்னன்னு நீங்கதான் சொல்லணும்."

நான் போனோடு சமையலறைக்குப் போய் மிளகாய்த்தூள் டப்பாவை நகர்த்தினேன். முதுகில் சிவப்பாக ஒரு வட்டம் பதிந்திருந்தது.

"அவளுக்கு முடியல, சார். அதான் காரணம்."

"எழுந்து திரும்ப எடுக்க மாட்டாளா? தலைப்பு அப்படித்தானே போட்டாங்க?"

"மாட்டா. அசுரன் வருவான். அவ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா. அவன் கொஞ்ச நேரம் நின்னு பார்ப்பான். அவனும் எவ்ளோ காலமா வந்துகிட்டே இருக்கான்? கையில இருக்கிற கதையைக் கீழ வெச்சுட்டு, கொஞ்சம் தள்ளி உக்காருன்னு கேட்டு, அதே பாறையில உக்காந்துப்பான்."

"அப்பாடா," என்றார் ஜம்பு.

"முற்றும்," என்றேன். இந்தத் தடவை அதற்கு மேலே யாரும் ஒரு வரி சேர்க்கவில்லை.