பதினோரு நாள்

கோவில்பட்டி முன்னாள் படைவீரர் சங்கக் கிளையின் செயலாளர் வேதமணி, பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்ததைவிட டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். கிளார்க்காகவே இருந்து நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றவர். அதனால் சங்கத்துக்கு வருகிற எல்லாக் காகிதமும் அவர் கைக்குத்தான் வரும். கேன்டீன் கார்டு புதுப்பிக்க வேண்டுமா, வாழ்நாள் சான்றுக்குக் கைரேகை விழவில்லையா, உறுப்பினர் யாராவது தவறிவிட்டால் கொடியும் மலர்வளையமும் கொண்டுபோக வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். உறுப்பினரல்லாத ஒருத்தியும் அதற்குத் தவறாமல் வருவாள். கிருஷ்ணவேணி என்று பெயர். புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் யூனிட்டில் நைட்டி தைக்கிறவள். பசுவந்தனை வழி பஸ்ஸில் வந்து இறங்கி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கூட்டம் கலைந்ததும் எழுந்து வந்து ஒன்றே ஒன்று கேட்பாள்.

“அண்ணாச்சி, ஏதும் தகவல் உண்டுமா?”

அவள் புருஷன் நந்தகோபால் புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரக் குடும்பம். 2007 பொங்கலுக்குப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்துவிட்டு, மாதக் கடைசியில் கோவில்பட்டியில் ரயில் ஏறினார். கிருஷ்ணவேணி அப்போது உண்டாகியிருந்தது அவளுக்கே தெரியாது. ஞாயிறுதோறும் தெருமுனைக் கடைக்குப் போன் போடுகிறவர், அதற்கப்புறம் போடவில்லை. மார்ச்சில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, “ஆளு பட்டாளத்துல இல்லையாம், இங்கன வந்தானா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆள் போய்ச் சேரவே இல்லை என்று வீட்டில் புரிந்துகொண்டார்கள். மாமனார் கருத்தப்பாண்டி ஆடுகளை விற்றுவிட்டு ரயில் போன வழியே புறப்பட்டார். பாஷை தெரியாமல் போட்டோவைக் காட்டிக் காட்டி, ஸ்டேஷன் ஸ்டேஷனாக போபால் வரைக்கும் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார். இரண்டு வருஷத்தில் அவர் இறந்தும் போனார்.

வேதமணி எத்தனையோ கடிதம் எழுதினார். வந்த பதிலெல்லாம் ஒரே வரிதான். தப்பியோடியவர், சலுகை எதற்கும் தகுதி இல்லை. லீவு முடிந்து வராதவனுக்கும் அதே சொல்தான் என்பது வேதமணிக்குத் தெரியும். அந்தச் சொல்லை அவளிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. “பாத்துக்கிட்டிருக்காங்க தாயி” என்றுதான் சொல்வார்.

போன ஜூலையில் கார்கில் தினத்தைச் சங்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்தியது. மதுரையிலிருந்து ஒரு கர்னல் தலைமை விருந்தினராக வந்திருந்தார். உறுப்பினர்களின் விதவைகள் பத்துப் பேருக்குச் சால்வை போர்த்தி மரியாதை செய்வதாக ஏற்பாடு. ஒருத்தி உடம்புக்கு முடியாமல் வரவில்லை. பின்னால் புழுக்கமாக இருக்கிறதென்று பெண்கள் கிருஷ்ணவேணியை அந்தக் காலி நாற்காலியில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார்கள். கர்னல் வரிசையாகப் போர்த்திக்கொண்டே வந்தார். மேடையில் பட்டியலோடு நின்ற வேதமணி இறங்கி ஓடுவதற்குள் அவள் தோளிலும் சால்வை விழுந்துவிட்டது.

கிருஷ்ணவேணி எழுந்தாள். சால்வையை எடுத்து மடித்து கர்னல் கையிலேயே கொடுத்தாள்.

“ஐயா, அவிய சாகல.”

வேதமணி பக்கத்தில் போய் விஷயத்தைக் காதில் சொன்னார். கர்னல் நல்ல மனிதர், பதறிப்போனார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, “அவர் பட்டாள நம்பர் தெரியுமாம்மா?” என்றார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய கிருஷ்ணவேணி, கவரில் எழுதுவதற்காகப் புருஷன் சொல்லிக்கொடுத்த அந்த எட்டு எண்களையும் இங்கிலீஷில் கடகடவென்று சொன்னாள். கர்னல் குறித்துக்கொண்டார். “நானே எழுதுகிறேன். முழுசா என்ன நடந்ததுன்னு கேட்கிறேன்” என்றார்.

அக்டோபர் முதல் வாரம் பதில் வந்தது. கர்னல் அதைச் சங்கத்துக்கு அனுப்பியிருந்தார். இந்தத் தடவை ஒரு முழுப் பக்கம். படித்து முடித்த வேதமணி அதைக் கிளைத் தலைவர் சிவனாண்டியிடம் கொடுத்தார். சிவனாண்டி ஓய்வு பெற்ற சுபேதார். எதற்கும் அசராதவர். இரண்டு தடவை படித்தார்.

“இத அந்தப் பிள்ளைட்ட சொல்லாண்டாம் வே. பதில் வரலைன்னு சொல்லிரும்.”

“எத்தன நாளைக்குச் சொல்ல?”

“பதினெட்டு வருசம் ஓடிப்போச்சு. இனி தெரிஞ்சு என்ன செய்யப்போறா?”

வேதமணியும் சரி என்றுதான் தலையாட்டினார்.

இரண்டாவது ஞாயிறு வந்தது. கூட்டத்தில் ஆஸ்பத்திரி வேன் எந்த வியாழக்கிழமை போகும் என்பதைப் பற்றி நீளமாகப் பேசினார்கள். கலைந்த பிறகு கிருஷ்ணவேணி மேஜை முன்னால் வந்து நின்றாள். கேட்கவில்லை. அவள் கண் வேன் பட்டியலுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த தாளின் மேல் இருந்தது.

“அண்ணாச்சி, இது அவிய நம்பருல்லா?”

வேதமணி பட்டியலை இழுத்து அதை மூடப் பார்த்தார். சிவனாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வாசிங்க அண்ணாச்சி. எதுன்னாலும் வாசிங்க.”

வேதமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார். சிப்பாய் நந்தகோபால் விடுப்பு முடிந்து 2007 பிப்ரவரி மூன்றாம் தேதி காலை தன் படைப்பிரிவில் ஆஜரானார்.

“போய்ச் சேந்துட்டாவளா?” என்றாள் கிருஷ்ணவேணி. அவள் முகம் அப்படி மலர்ந்து வேதமணி பார்த்ததே இல்லை. “ரயில்லருந்து விழலையா? நான் அவிய எங்கயோ தண்டவாளத்துல கெடந்தாவன்னுல்லா நெனச்சேன். நெதமும் அதான் கண்ணுக்குள்ள வரும். மாமா எத்தன ஊர்ல போய்க் கேட்டாவ. முறுக்கு சுட்டுக் குடுத்துவிட்டேன் அண்ணாச்சி, ஒரு வாளி நெறைய. கூட இருந்தவியளுக்கெல்லாம் குடுத்திருப்பாவ.”

“ஆமா தாயி.”

“அப்புறம்? வாசிங்க.”

அப்புறத்தை அவர் வாசிக்கத்தான் வேண்டியிருந்தது. பிப்ரவரி பதினான்காம் தேதி மாலை வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கிறார். சொந்தச் சாமான்களையெல்லாம் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். திரும்பவில்லை.

கிருஷ்ணவேணி விரலை மடக்கி எண்ணினாள்.

“பதினோரு நாளு இருந்திருக்காவ.”

மறுபடி விரலை விரித்து மடக்கினாள்.

“ரெண்டு ஞாயித்துக்கெழம வந்திருக்குமே. கடைக்காரரு போன எடுக்கலையோ என்னவோ. நான் ரெண்டு வாரமும் கடைவாசல்லதான் நின்னேன்.” மேஜை மேல் குனிந்து தாளைப் பார்த்தாள். “யாரும் அடிச்சாவளா? பெரிய ஆபீசர் யாரும் ஏசினாவளா? என்னத்துக்குப் போனாவன்னு போட்டிருக்கா?”

“போடல தாயி.”

“திருப்பிப் பாருங்க.”

பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அவர் திருப்பித்தான் காட்டினார். சர்வீஸில் இருந்தபோது இதே மாதிரிக் கடிதங்களை அவரே அடித்திருக்கிறார், எங்கெங்கோ இருந்த வீடுகளுக்கு. தேதி, நேரம், எடுத்துப்போன சாமான் எல்லாம் எழுதுவார்கள். காரணத்துக்கு அதில் இடமே கிடையாது. அப்போதெல்லாம் அடித்து முடித்துக் கையெழுத்துக்கு வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று சிவனாண்டி தண்ணீர் எடுத்து வந்தார். அவள் அழவில்லை. வாங்கி வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

“எம்மவ வருசா வருசம் கேப்பா. ஒங்கப்பா ஒன்னையப் பாக்கத்தான் பாதியில திரும்பி வந்திருப்பாவ, வழியில என்னமோ ஆயிட்டுன்னு சொல்லித்தான் வளத்தேன். இப்பம் காலேசுக்குப் போறா. அவகிட்ட என்ன சொல்லட்டும்?”

மகள் பிரித்திகா பிறக்கப்போவதே நந்தகோபாலுக்குத் தெரியாது என்று வேதமணிக்குத் தோன்றியது. அதை அவளுக்கு ஆறுதலாகச் சொல்ல முடியுமா என்றும் தெரியவில்லை. சொல்லாமல் விட்டுவிட்டார்.

“நான் வேற எங்கயும் எழுதிப் பாக்கட்டுமா?” என்றார்.

“உசுரோட இருக்கவியள, வர மனசில்லாதவியள, எங்க போய்த் தேடுவீய?” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நீங்க செய்யுததெல்லாம் செஞ்சிட்டீய அண்ணாச்சி. அந்தக் கர்னல் ஐயாட்டயும் சொல்லிருங்க. நல்ல மனுசரு.”

வேதமணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தார். பசுவந்தனை பஸ் ஒன்று வந்து நின்றது. அவள் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. மூன்றாவது பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேதமணி கை காட்டினார். அவள் பார்க்கவில்லை.

நவம்பர்க் கூட்டத்துக்கு அவள் வரமாட்டாள் என்று சங்கத்தில் எல்லாரும் நினைத்தார்கள். பத்து மணிக்கு வந்துவிட்டாள். அதே கடைசி பெஞ்சு. கூட்டம் முடிந்ததும் வேதமணி தானாகவே அவளிடம் போனார்.

“பிள்ளைட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

“கிருஷ்ணவேணி, இனி தகவல் ஒண்ணும் வராது தாயி.”

“தெரியும் அண்ணாச்சி.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வீட்டுல இருந்தா அவ மூஞ்சியப் பாக்கணும். பாத்தா வாயில வந்துரும் போல இருக்கு. அதான் கெளம்பி வந்துட்டேன். இங்கன கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்.”

சரி என்று வேதமணி மேஜைக்குத் திரும்பினார். மூன்று பேர் வாழ்நாள் சான்றுக்காகக் காத்திருந்தார்கள். முதல் ஆளின் விரலை மெஷினில் வைத்தார். ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.