கூட்டம் இனிதே நிறைவுற்றது

1.

இந்தக் கதை ஒரு கடிதமாகத்தான் தொடங்கியது. அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் எல்லாம் எழுதியாயிற்று. கடைசியில் 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று போட்டுக் கையெழுத்தும் போட்டாயிற்று. நடுப்பகுதிதான் நான்கு நாளாக வரவில்லை. கடிதத்தில் சொல்ல முடியாததைக் கதையில் சொல்லிவிடலாம் என்று யாரோ எங்கோ... (இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.)

மேலேயும் கீழேயும் முதலில் எழுதிக்கொண்டு நடுவைப் பிறகு நிரப்புவது என் பள்ளிக்கூடப் பழக்கம். எங்கள் சின்ன ஊர்ப் பள்ளியில் கடிதக் கேள்விக்குப் பத்து மதிப்பெண். முகவரி, தேதி, விளி, இப்படிக்கு, உறைமேல் முகவரி, இவற்றுக்கே ஐந்து. நடுவில் ஒன்றுமே எழுதாதவனும் பாதி வாங்கலாம். அப்படிப் பாதி பாதியாக வாங்கித் தேறியவன் நான். இப்போது குடிநீர் அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை. 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்பதையும் 'ஆவன செய்யப்படும்' என்பதையும் காலையிலேயே முப்பது தாள்களில் எழுதி வைத்துவிடுவேன். நடுப்பகுதி மாலைக்குள் நிரம்பிவிடும்.

இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது எல்லாம் இதிலிருந்துதான் நடந்தது.

2.

எங்கள் சேவைச் சங்கத்தில் இருபத்துநான்கு பேர். வியாழக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு மருந்துக்கடையின் மேல்மாடியில் கூடுவோம். மருந்துக்கடைக்காரர் தலைவர். நான் செயலாளர். பழைய மூக்குக்கண்ணாடிகளைச் சேகரித்து, துடைத்து, பவர் வாரியாகப் பிரித்துக் கண் முகாம்களுக்கு அனுப்புவோம். ஆறு சக்கர நாற்காலிகளை இரவல் தருவோம். பேருந்து நிழற்குடைக்கு வருடத்துக்கு ஒருமுறை வண்ணம் அடிப்போம். நிழற்குடையில் பாதியும் எங்கள் சட்டையில் பாதியுமாக அது முடியும். அன்று சிரிக்கிற சிரிப்பு அடுத்த வருடம் வரை தாங்கும்.

இந்த வருடத் திட்டத்தின் பெயர் 'நலமா'. ஊரில் தனியாக வசிக்கும் நாற்பத்தொரு பேரின் பட்டியல். புதனும் சனியும் அவர்களுக்குத் தொலைபேசியில் பேசி நலம் விசாரிக்க வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒருவரோ இருவரோ பொறுப்பு.

உறுப்பினர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருந்தார். கேட்டால், "நாப்பது வருஷம் லிஃப்டோட மல்லுக்கட்டியாச்சு. வீட்டுக்கு வந்தும் அது மூஞ்சியில முழிக்கணுமா?" என்பார். பதினொரு வருடமாகக் கூட்டத்தின் கடைசியில் நன்றி சொல்வது அவர்தான். அதனால் அவர் பெயரே நன்றி சார் ஆகிவிட்டது. நன்றியுரையும் ஒன்றேதான்.

"நாற்காலி போட்டவங்களுக்கு நன்றி. டீ போட்டவங்களுக்கு நன்றி. அந்த டீயைக் குடிச்சிட்டு மூஞ்சி சுளிக்காதவங்களுக்கு ரொம்ப நன்றி. கடைசியா ஃபேனுக்கு நன்றி. இந்தக் கூட்டத்துல குறுக்கப் பேசாதது அது ஒண்ணுதான்."

ஒவ்வொரு வாரமும் சிரிப்போம்.*

* 'நலமா' பட்டியல் இரண்டு பத்திகள் கொண்டது. இடப்பக்கம் விசாரிப்பவர், வலப்பக்கம் விசாரிக்கப்படுபவர். நன்றி சார் பெயர் இடப்பக்கத்தில் இருந்தது. வலப்பக்கத்தில் அதை எழுத வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பட்டியலை எழுதியவன் நான்.

3.

தொடக்கம் ஒன்று: 'அன்று நல்ல மழை.' (பொய். மழை பெய்திருந்தால் எங்களுக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.)

தொடக்கம் இரண்டு: 'மின்சாரம் போய்விட்டதால் யார் வந்தார், யார் வரவில்லை என்று...' (இதுவும் பொய். எட்டுக் குழல்விளக்குகளும் எரிந்தன.)

தொடக்கம் மூன்று: அன்று எல்லாம் வழக்கம்போல இருந்தது.

அலுவலகத்தில் மதிய இடைவேளையிலேயே அன்றைய கூட்டத்தின் குறிப்பை எழுதிவிட்டேன். மேலே 'தலைவர் வரவேற்க' என்றும் கீழே 'நன்றி சார் நன்றி கூற, கூட்டம் இனிதே நிறைவுற்றது' என்றும். நடுவில் இடம் விட்டிருந்தேன். வருகைப் பதிவேட்டில், தவறாமல் வருகிறவர்களுக்கு எப்போதும் முன்கூட்டியே டிக் போட்டுவிடுவேன். நன்றி சாருக்குப் பதினொரு வருடமாக அப்படித்தான்.

கூட்டத்தில் இரண்டு சக்கர நாற்காலிகளுக்கு டயர் மாற்றுவது பற்றிப் பேசினோம். 'நலமா' திட்டம் சிறப்பாக நடப்பதாகத் தலைவர் சொன்னார். டீ வந்தது. எல்லோரும் எழுந்தோம்.

அடுத்த வியாழன், அந்தக் குறிப்பை வாசித்தேன். கடைசி வரியையும் வாசித்தேன். தலைவர், "ஏத்துக்கறவங்க கை தூக்குங்க" என்றார். எண்ணினேன், இருபத்துமூன்று கைகள். பதிவேட்டில் இருபத்துநான்கு டிக். யாரோ ஒருவர் கை தூக்கச் சோம்பல்பட்டிருப்பார் என்று நினைத்து, 'இருபத்துமூவர் கையுயர்த்த, ஏற்கப்பட்டது' என்று எழுதினேன்.

"நன்றி சார் எங்கப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இப்பதான் படிக்கட்டுல பாத்தேன். போன் வந்திருக்கும்," என்றார் உறுப்பினர்களில் ஒருவரான தையல்காரர். அவர் பொய் சொல்கிறவர் அல்லர். பார்த்ததாகவே நம்பினார்.

மறுநாள் வெள்ளி, வெளியூரிலிருந்து வந்த நன்றி சாரின் தங்கை, பக்கத்து வீட்டுக்காரர்களை வைத்துக் கதவை உடைத்தார். வாசலில் பிரிக்காத செய்தித்தாள்கள் பத்து. மருத்துவர் நாள் குறித்தார்: முந்தின வாரச் செவ்வாய்க்கிழமை இரவு.

செவ்வாய் என்றால், நாங்கள் டயர் பற்றிப் பேசிய வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு. இறந்துபோய் இரண்டு நாள் ஆனவர் எங்கள் கூட்டத்தில் நன்றி சொல்லியிருக்கிறார். நாங்கள் இருபத்துமூன்று பேர் அதற்குக் கை தூக்கியிருக்கிறோம்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். மூடியது தெரியாமல் அடுத்த வரியை எழுதப் போனேன். மூடி தாளைக் கிழித்துவிட்டது. கிழிந்த தாளிலேயே தொடர்கிறேன்.

4.

தங்கை திங்கட்கிழமை மாடிக்கு வந்தார். (முதல் பிரதியில் அவரைக் கோபக்காரியாக எழுதிப் பார்த்தேன். சட்டையைப் பிடித்து உலுக்குகிறவராக. எனக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் அவர் கோபப்படவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.)

"நீங்கதானே சார் செயலாளர்?"

"ஆமாம்மா. உக்காருங்க."

"கீழ நோட்டீஸ் பலகையில ஒட்டியிருக்கற கூட்டக் குறிப்பப் பாத்தேன். வியாழக்கிழமை அண்ணன் பேசியிருக்காரு." கைபேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார். என் கையெழுத்து. "டாக்டர் செவ்வாய்னு எழுதிட்டாரு. தப்பா எழுதிட்டாரு சார். டாக்டர் ஒருத்தர். இங்க இருபத்துமூணு பேர் கை தூக்கியிருக்கீங்க."

நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் பண்ணாரு. 'பாப்பா, கொஞ்சம் மூச்சு வாங்குது'ன்னாரு. நான் பாத்திரம் கழுவிட்டிருந்தேன். அவரு எப்பவும் விளையாட்டாப் பேசறவரு, உங்களுக்கே தெரியும். 'மூணு மாடி ஏறினா மூச்சு வாங்காம பின்ன பாட்டா வரும், லிஃப்ட் இருக்கற வீடாப் பாருன்னு எத்தன தடவ சொல்றது'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்."

படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"ஆனா வியாழக்கிழமை வந்திருக்காரே. இந்த மாடி ஏறி வந்து, நின்னு பேசியிருக்காரே. அப்ப அது சாதாரண மூச்சுதான். இல்லையா சார்?"

இதுதான் என் முன்னால் இருப்பது. என் பேனாவில் முன்கூட்டியே எழுதப்பட்ட ஒரு வரி. அதன்மேல் ஒரு பெண் ஏறி நிற்கிறார். வரியை இழுத்தால் அவர் விழுவார்.

"அன்னிக்கு என்ன பேசினாருன்னு ஒரு லெட்டரா எழுதிக் குடுங்க. வீட்டுல வெச்சுக்கறேன். நீங்க நல்லா எழுதுவீங்கன்னு அண்ணன் சொல்வாரு. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பஸ். பத்து மணிக்கு வந்து வாங்கிக்கறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆவன செய்யறேம்மா" என்றேன்.

5.

(இந்தப் பகுதியை எடுத்துவிட்டுத்தான் கதையை உங்களிடம் தருவதாக இருந்தேன். 4-க்குப் பிறகு 6 வந்தால் எண் பிழை என்று நினைத்துக் கடந்துபோவீர்கள். எங்கள் சங்கத்தில் எல்லோரும் அப்படித்தான் கடந்துபோவோம்.

நன்றி சார் விசாரிக்க வேண்டியவர்கள் இருவர். அவர்களில் ஒருவர், கண் சரியாகத் தெரியாத தட்டச்சு ஆசிரியை. கதவு உடைவதற்கு நான்கு நாள் முன்பு, திங்கட்கிழமை, அந்த அம்மாள் சங்க எண்ணுக்குத் தொலைபேசி செய்தார். எடுத்தவன் நான்.

"எனக்குப் போன் பண்றவரு புதனும் பண்ணலை, சனியும் பண்ணலை. நான் நல்லாத்தான் இருக்கேன். அவரு நல்லா இருக்காரான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

எழுதிக்கொண்டேன். பொருள்: அழைப்பு வராமை குறித்த புகார். நடவடிக்கை: ஆவன செய்யப்படும்.

ஊரில் நன்றி சாரை நலமா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்குக் கண் தெரியாது.)

6.

நேற்று வியாழன். நான் எழுந்து நின்றேன்.

"முந்தைய குறிப்புல ஒரு திருத்தம்."

"எழுத்துப் பிழையா? நீங்களே திருத்திக்கோங்க," என்றார் தலைவர்.

"பிழை இல்ல. டயர் பத்திப் பேசின அன்னிக்கு நன்றி சார் வரலை."

"என்ன சார் பேசறீங்க?" என்றார் தையல்காரர். "எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. ஃபேனுக்கு நன்றி சொன்னாரு. நான் சிரிச்சேன். புரையேறிடுச்சு."

"அது அதுக்கு முந்தின வாரம்."

"எந்த வாரமா இருந்தா என்ன, அதேதானே சொல்வாரு."

இன்னொருவர், அன்று அவர் நீலச் சட்டை போட்டிருந்ததாகச் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "கொஞ்சம் இளைச்சிருந்தாரு, நான்கூடக் கேட்டேன்" என்றார். இவர்கள் என்னை ஏமாற்றவில்லை. பார்த்திருந்தார்கள். நான் எழுதி வாசித்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "பதினொரு வருஷம் ஒரு வாரம் விடாம வந்த மனுஷன். போனப்புறம் அவருக்கு ஆப்சென்ட் போடணுமா? அந்தத் தங்கச்சியும் நிம்மதியாப் போகட்டும். தவிர, இதத் திருத்தினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ஊருக்கெல்லாம் நலமான்னு கேட்ட சங்கம்..."

குறிப்பேட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"முன்மொழியறேன்," என்றேன்.

எங்கள் விதிப்படி எந்தத் திருத்தத்துக்கும் வழிமொழிய ஒருவர் வேண்டும். இல்லையென்றால் அது விழுந்துவிடும். காத்திருந்தேன். மின்விசிறி சுற்றியது. தையல்காரர் பக்கத்து நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமும் இல்லாமல் சொன்னார்:

"அன்னிக்கு என் துணிப்பையை இதுமேலதான் வெச்சிருந்தேன்."

அவர் முகம் போன போக்கை எழுத வரவில்லை. ஆனால் அவர் கைகள் மடியிலேயே இருந்தன.

திருத்தம் விழுந்தது. அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. பேச வேண்டியது எல்லாம் முடிந்தும் யாரும் எழவில்லை. நன்றி சொல்ல ஆளில்லாத கூட்டத்தை எப்படி முடிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. டீ ஆடை கட்டிப்போயிற்று. கடைசியில் தலைவர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். அதைக் கூட்டம் முடிந்ததாக வைத்துக்கொண்டு படியிறங்கினோம்.

7.

இன்று வெள்ளி. மணி ஒன்பது நாற்பது. மேசைமேல் இரண்டு கடிதங்கள்.

முதல் கடிதத்தை எழுதப் பத்து நிமிடம் ஆயிற்று. நாற்காலி, டீ, மூஞ்சி சுளிக்காதவர்கள், மின்விசிறி. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. 'மூச்சு வாங்காமல், தெளிவாகப் பேசினார்' என்றுகூட ஒரு வரி சேர்த்தேன். நான் எழுதியதிலேயே நல்ல கடிதம் இதுதான் என்பது என்னைப் பயமுறுத்துகிறது.

இரண்டாவதில் மூன்றே வரிகள். மூன்றாவது வரி: 'தாங்கள் தொலைபேசியை வைத்த பிறகு அவர்...' (அதற்குமேல் எழுதவில்லை. எழுதக்கூடியவர் எழுதிப் பாருங்கள்.)

கதைக்காரனாக இருந்தால் மூன்றாவது முடிவு ஒன்று செய்யலாம். பேருந்து முன்னதாகவே போய்விட்டது, தங்கை வரவில்லை. ஆனால் அவர் வருவார். சொன்ன நேரத்துக்கு வருகிற குடும்பம் அது. கீழே மருந்துக்கடை திறந்தாயிற்று. படிக்கட்டில் இன்னும் சத்தம் இல்லை.

திருத்தத்தை மறுபடி கொண்டுவர விதி இருக்கிறது. அதே முன்மொழிபவர், புதிதாக ஒரு வழிமொழிபவர். மற்ற இருபத்திரண்டு பேரிடமும் கேட்டாயிற்று. மிச்சம் இருப்பவர் நீங்கள்தான். இந்த மாடியில் முதல் பகுதியிலிருந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தத் தங்கை நின்றுகொண்டு கேட்டதை என்னோடு கேட்டவர் நீங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கதையைத் தொடங்கும் முன்பே, வழக்கப்படி, உங்களுக்கும் ஒரு டிக் போட்டு வைத்திருந்தேன். கீழே வழிமொழிபவர் என்ற இடத்தில் 'வாசகர்' என்றும் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் இப்போது அழித்துவிட்டேன். இந்த முறை கையைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

திருத்தம்: 'நன்றி சார் நன்றி கூற, கூட்டம் இனிதே நிறைவுற்றது' என்பதை நீக்கி, 'நன்றி சார் வரவில்லை. நாங்கள் கவனிக்கவில்லை' என்று வாசிக்க.

முன்மொழிபவர்: செயலாளர்

வழிமொழிபவர்: