கிடைக்கவில்லை என்று எழுதியவள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. படகு எஞ்சின் பழுதுபார்க்கும் வென்டல் திபோடோ, துறைமுகச் சாப்பாட்டுக் கடையில் என் எதிரே உட்கார்ந்து, கிளிஞ்சல் சூப்பைத் தொடாமல் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, "நீதான் கதை எழுதறவனாச்சே, இதை எங்கயாவது எழுதித் தொலை" என்றார். தொலைக்கத்தான் பார்க்கிறேன். தொலைய மாட்டேன் என்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையில் மழை பெய்த ஒரு ஏப்ரல் பிற்பகலில், இளம்பெண் ஒருத்தி அலைதடுப்புச் சுவரின் கல்லிடுக்கில் கையை விட்டு —"

இல்லை. அவளிடமிருந்து தொடங்கினால் அவள் மனதில் இருந்தது எனக்குத் தெரியும் என்றாகிவிடும். எனக்குத் தெரியாது. வென்டலுக்கும் தெரியாது.

2

மகள் ஜோலீன் சிறுமியாக இருந்தபோது அவளும் வென்டலும் டப்பா தேடப் போவார்கள். (பழக்கமில்லாதவர்களுக்கு: யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இடக்குறிப்பை இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்தபடி தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் அதையும் தளத்தில் எழுதலாம்.) ஜோலீன் அங்கே வைத்துக்கொண்ட பெயர் கடல்நத்தை.

அவள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. மகளின் படிப்பு கெட்டுவிடும், சொல்லக்கூடாது என்று மனைவி சத்தியம் வாங்கிக்கொண்டாள். வென்டல் சொல்லவில்லை. ஜோலீன் வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடியாகிவிட்டது.

"எங்கிட்டயே ஒளிச்சிட்டியேப்பா."

"உங்கம்மா சத்தியம் வாங்கிட்டா, கண்ணு."

"சாகப்போறவங்க ஆயிரம் கேப்பாங்க. உனக்கு எங்க போச்சு புத்தி?"

அன்று போனவள்தான். கைபேசி எண்ணைக்கூட மாற்றிக்கொண்டாள்.

[இந்த இடத்தில் எனக்கு வென்டல் மேல் சந்தேகம் வந்தது. மனைவிக்காகத்தான் மறைத்தாரா, மகளிடம் சொல்லத் தைரியமில்லாமலா? கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார். இவரை நல்லவராக எழுதுவதா வேண்டாமா என்ற கவலை அதோடு விட்டது.]

3

தளத்தில் மட்டும் அவள் அவ்வப்போது தட்டுப்பட்டாள். கடல்நத்தை அரிசோனாவில் ஒரு டப்பாவைக் கண்டுபிடித்தாள்; மிச்சிகனில் இன்னொன்று. வென்டல், தன் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே தெரியும் அலைதடுப்புச் சுவரில் ஒரு டப்பாவை ஒளித்து, சொந்தப் பெயரிலேயே பதிவு செய்தார். உள்ளே விசேஷமாக ஒன்றும் வைக்கவில்லை. அவளைக் கூப்பிட அந்த டப்பாவே போதும் என்று நினைத்தார்.

ஒஹையோக்காரர்கள் வந்தார்கள், ஒரு ஜெர்மன் தம்பதி வந்தது. அவள் வரவில்லை. குளிர்காலப் புயல் ஒன்று சுவரின் கற்களையே புரட்டிப்போட்டது. வென்டலுக்கு முழங்கால் வலி. பனி கரையட்டும், டப்பா இருக்கிறதா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மாலை கைபேசி சிணுங்கியது; தளத்தில் அவருடைய டப்பாவுக்கு ஒரு புதுப் பதிவு. "மழையில் வெகுநேரம் தேடினேன். கிடைக்கவில்லை. எடுத்துவிட்டார்கள் போல. — கடல்நத்தை."

வீட்டுச் செருப்போடு இறங்கி ஓடினார். சுவரில் யாருமில்லை.

"மத்தியானம் பூரா வீட்லதான்பா இருந்தேன். ரேடியோல பேஸ்பால் கேட்டுக்கிட்டு. ஜன்னல் திரையைக்கூட வெலக்கல" என்றார் என்னிடம்.

பரிமாறும் டார்லீன் வந்து நின்றாள். "சூப் ஆறிடுச்சு வென்டல். மாத்தித் தரவா?"

"நான்தான் எடுத்துட்டேன்னு நெனச்சிருப்பா, டார்லீன். மறுபடியும் ஒளிச்சிட்டேன்னு."

"அவ்ளோ தூரம் வந்தவ மேலே ஏறி வந்து கதவைத் தட்டுனா கை தேஞ்சா போயிடும்?"

"தட்ட வேண்டாம்னுதானே டப்பா வெச்சேன்."

டார்லீன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

4

அன்றிரவே பதில் போட்டார்: "புயல் கொண்டுபோச்சு. நான் எடுக்கலை. வா." பதில் இல்லை. சில நாளில் கடல்நத்தை என்ற பெயரே தளத்தில் இல்லை. கணக்கை மூடிவிட்டாள்.

நான் ஒரு முடிவு எழுதினேன். அதில் புயல் சுவரைத் தொடவில்லை. அதற்கு ஒரே ஒரு வரிதான் செலவாயிற்று. ஜோலீன் டப்பாவை எடுக்கிறாள், நிமிர்ந்து வீட்டைப் பார்க்கிறாள். வென்டலுக்குப் படித்துக்காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இவளுக்குக் கெடச்சிடுச்சே. மழையில நின்னு தேடிட்டு வெறுங்கையோட போனாளே, அவ யாரு?"

கிழித்துப் போட்டேன்.

இன்னொரு முடிவில் அவர் அதே சுவரில் புது டப்பா ஒன்றை —

("யார் கண்ணுல படறதுக்கு?" என்றார்.)

மூன்றாவது முடிவை நான் எழுதப்போவதில்லை. உங்களிடம் இருந்தால், நேரே வென்டலிடம் போய்ச் சொல்லுங்கள். படகுத்துறைக் கொட்டகையில் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலையை நிறுத்திவிட்டு, மரியாதையாகக் கேட்பார். கேட்டு முடித்ததும் திருப்புளியைக் கையில் எடுத்தாரென்றால், அந்த முடிவும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டு கிளம்பி வந்துவிடுங்கள்.