லெட்டேரியாவின் கூரையும் அரசாங்கத்தின் பாலமும்

கடலைக் கடைந்தவர்கள் உண்டு, கடலைப் பிளந்தவர்கள் உண்டு. ஆனால் சிசிலித் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள மூன்று கிலோமீட்டர் நீரை வெறும் பாலத் தீர்மானங்களாலேயே இத்தனை முறை தாண்டிய பெருமை எங்கள் இத்தாலியக் குடியரசுக்கு மட்டுமே உரியது. தாண்டி முடித்த பிறகு எல்லாரும் வழக்கம்போல மெஸ்ஸீனா துறைமுகத்துக்கு வந்து எங்கள் கப்பலில்தான் ஏறுவார்கள்.

அன்று அரசாங்கத்தின் பாலக் குழுவே ஏறியது. சிசிலிக் கரையில் கூடினால் எதிர்க்கரைக் கலாப்ரியாக்காரர்களுக்குக் கோபம், அந்தக் கரையில் கூடினால் எங்களுக்குக் கோபம். அதனால் நடுநிலை கருதிக் கூட்டத்தைக் கப்பலிலேயே வைத்துவிட்டார்கள். மொத்தம் ஆறு பேர். தலைவர் மாண்புமிகு வால்டேரி, வடக்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக்காரர்.

கப்பலின் சிற்றுண்டிக் கடையில் நான் காப்பி போடுவேன். லெட்டேரியா அரிசி உருண்டை பொரிப்பாள். அவள் வீடு சிசிலிப் பக்கம், ஃபாரோ முனையில், பாலத்தின் கால் ஊன்றப்போகும் இடத்தில் இருந்தது. பதினான்கு வருஷமாக அந்த வீட்டுக்கு ஓடு மாற்றவில்லை. இடியப்போகிற வீட்டுக்கு எதற்குச் செலவு என்று ஒவ்வொரு அரசாங்கமும் சொல்லிவிட்டுக் கவிழ்ந்தது. மழைக்காலத்தில் அவள் கணவன் குடை பிடித்தபடியே தூங்கப் பழகியிருந்தான். இப்போது செப்டம்பர் முடியப்போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் உண்டா இல்லையா என்று சொல், பிறகு எனக்கு வேறு வேலை என்று கொத்தனார் கெடு வைத்திருந்தார். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்.

விவாதம் இருபது நிமிஷத்தில் அக்கரை சேர்ந்தது. யாரும் இறங்கவில்லை. எங்கள் கப்பலுக்கு முன்னாலும் வாய், பின்னாலும் வாய். திரும்பாமலே திரும்பி வரும். அப்படியே நான்கு நடை போய் வந்தோம். காற்றைப் பற்றி ஒருவர், பூகம்பத்தைப் பற்றி ஒருவர், வாள்மீன்களின் மனநிலையைப் பற்றி ஒருவர். சொற்கள் எண்ணெய் மணத்தோடு கலந்து மிதந்தன. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஆழ்ந்து கேட்டார். இடையிடையே குறட்டையும் விட்டார்.

ஐந்தாம் நடையில் காற்று நின்றது. கடல் கண்ணாடியானது. எதிர்க்கரை வீடுகள் மெல்ல நீரைவிட்டு எழும்பின. ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நின்றன. தலைகீழாகவும் ஒருமுறை நின்று பார்த்தன. அவற்றின் நடுவே வானத்தில் ஒரு வெள்ளிக் கோடு நீண்டது. எங்களுக்கு இது பழகிய கானல் காட்சி. மொர்கானா தேவதை துணி உலர்த்துகிறாள் என்பாள் லெட்டேரியா. குழுவோ தளத்துக்கு ஓடி வந்தது. எஞ்சின் சத்தம்கூட எங்கோ தொலைவுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. ஆறு அரசியல்வாதிகள் ஒன்றாக நின்றும் யாரும் பேசவில்லை.

தலைவரின் கண்ணில் நீர் தளும்பியது. லெட்டேரியா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். என் வீடு ஃபாரோவுல, பாலத்துக் காலு வர்ற எடத்துல இருக்கு. ஓடு மாத்தட்டுமா, வேணாமா?"

"ஓடா?" அவர் இரக்கத்தோடு சிரித்தார். "பாலமே நிக்குது, பாருங்கம்மா. அந்தா, அதான் உங்க வீட்டு எடம். கூரையத் தாண்டிக் காலு எழும்பிருச்சு. ஒரு ஓடுகூட வாங்கிறாதீங்க."

விரலை நீட்டிக் காட்டினார். உறுப்பினர்கள் கைதட்டினார்கள். தலைவர் இடத்தை நேரில் சுட்டிக்காட்டினார், ஒருமனதாக ஏற்கப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதினார்கள்.

லெட்டேரியா அந்த விரல்நுனியிலிருந்து கடலைத் தாண்டி நேராகப் பார்த்தாள். பிறகு கடைக்கு வந்து, அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டு, கொத்தனாருக்குப் போன் போட்டாள்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் எதுக்குப்பா? நாளைக்கே ஏறிரு."

தலைவர் காட்டியது கலாப்ரியாவை. சிசிலி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.