இரண்டாவது டிரெய்லர்

தானவ்வாவின் தலை மறுபடியும் இடப்பக்கம் சாய்ந்தது. மல்லேசி இரண்டு கைகளாலும் அக்காவின் கன்னங்களைப் பிடித்து நிமிர்த்தினான். சித்தப்பா சங்கப்பா அவள் நெற்றியைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டி, நுனியைச் சுவர் ஆணியில் முடிந்தார். லிங்காயத்து வீட்டில் இறந்தவரைப் படுக்க வைப்பதில்லை. உட்கார்ந்தபடியேதான் போக வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்த உடம்பு உட்கார மறுத்தது.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நிக்காம ஓடிக்கிட்டிருந்தவடா," என்றார் சங்கப்பா. மல்லேசியின் கண் வாசல் பக்கம் இருந்தது.

அங்கே வேப்பமரத்தடியில் அக்காவின் கணவன் பாளப்பா உட்கார்ந்திருந்தான். வலது முழங்கையில் ஒரு கட்டு, தாடையில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர் ஒரே சைக்கிளில் போன இரண்டு பேரை இடித்ததில் ஒருத்தி செத்திருக்கிறாள், ஒருத்தன் காயம் கட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறான். பிணம் வந்து இரண்டு மணி நேரமாகியும் அவன் அவள் முகத்தை ஒருமுறைகூட நேராகப் பார்க்கவில்லை. ஒப்பாரிக்கு வந்த பெண்களும் அதைக் கவனித்திருந்தார்கள். ஆம்பளைக்கு எப்பவும் தோல் மட்டும்தான் கிழியும் என்று ஒருத்தி சொன்னது மல்லேசியின் காதில் விழுந்தது.

போலீஸ்காரரிடம் டிராக்டர் சிவப்பு என்று சொன்னவன், சங்கப்பாவிடம் நீலம் என்று சொல்லியிருந்தான். ஆலை வாசலில் பதினெட்டு வருஷமாக வண்டி நம்பர் எழுதுகிற காவல்காரனுக்கு, தன் பெண்டாட்டியைக் கொன்ற வண்டியின் நிறம் தெரியவில்லை.

இன்னொன்றும் மல்லேசியை அரித்தது. பத்து நாளைக்கு முன் தானவ்வா போன் செய்திருந்தாள். ஒரு விஷயம் இருக்கிறது, போனில் சொல்ல முடியாது, மாமாவுக்குத் தெரியாமல் ஒருநாள் நேரில் வா என்றாள். கரும்பு வெட்டு முடியட்டும் என்று இவன் சொன்னான். வெட்டு முந்தாநாள்தான் முடிந்தது.

சடங்கு செய்ய மடத்துச் சாமி வர இன்னும் நேரமிருந்தது. மல்லேசி எழுந்து கொல்லைப்புறம் போனான். போலீஸ் பார்த்துவிட்டு விட்ட சைக்கிளை மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். நடுவில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். ஹேண்டில்பார் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது, இடது பெடலைக் காணவில்லை. பின்னால் கேரியர் மட்டும் கொஞ்சம்கூட நெளியவில்லை. அதில் கட்டியிருந்த சாக்கு மெத்தைகூட அப்படியே இருந்தது. அக்கா கேரியரில் உட்கார்ந்திருந்தாள், லாரிக்கு ஒதுங்கும்போது டிராக்டர் பின்னால் தட்டியது என்றல்லவா மாமா சொன்னான்?

அவன் குனிந்து பார்த்தான். செயினுக்கும் கவருக்கும் நடுவில் பச்சைத் துணி ஒரு சாண் நீளத்துக்குச் சிக்கிக் கிழிந்திருந்தது. தானவ்வாவின் சேலை. பின்னால் உட்கார்ந்தவளின் சேலை பெடல் பக்கச் செயினுக்கு எப்படி வரும்? மல்லேசி அதைப் பிடுங்கினான்.

பாளப்பாவைக் கொட்டகைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினான். அவன் சுவரைத் தொட்டுக்கொண்டே மெதுவாக வந்தான். நடிக்கிறான் என்று நினைத்தான் மல்லேசி.

"மாமா, அக்கா பின்னால உக்காந்திருந்தான்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப இது என்ன?"

துணியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினான். பாளப்பா அதை வாங்கக் கை நீட்டினான். கை துணிக்கு ஒரு முழம் தள்ளிக் காற்றில் நின்றது. விரல்கள் மெல்லத் திறந்து மூடின.

"எது, மல்லேசி?"

மாடு வைக்கோலை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மல்லேசி துணியை அந்த விரல்களில் வைத்தான். பாளப்பா அதைத் தடவிப் பார்த்ததுமே அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகுதான் சொன்னான். இரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. போன தீபாவளிக்குப் பிறகு ஆட்கள் வெறும் நிழலாகிவிட்டார்கள். தானவ்வாதான் தினமும் அவனைப் பின்னால் உட்கார வைத்து ஆலைக்கு மிதித்தாள். சோறு கொண்டுவந்த சாக்கில் வாசலிலேயே இருந்து, வருகிற வண்டிகளின் நம்பரை எழுதினாள். புருஷனை விட்டு ஒரு நாழி பிரியமாட்டாளாம் என்று ஆலைக்காரர்கள் கேலி செய்தார்கள். அவளும் வெட்கப்படுவதுபோலச் சிரித்து வைத்தாள்.

நேற்று நாலரை மணிக்கு வெயில் எதிரே அடித்தது. டிராக்டர் பாட்டை அலறவிட்டுக்கொண்டு முந்தியது. முதல் டிரெய்லர் கடந்ததும், ஓரத்தில் ஒதுங்கியிருந்த அவள் ரோட்டுக்கு ஏறிவிட்டாள். பின்னால் இரண்டாவது டிரெய்லர் இருந்தது.

"குதிங்கன்னு கத்தினா. குதிச்சேன். எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது. கரும்புக்குள்ள விழுந்தேன். எழுந்து கூப்பிட்டேன். பதிலே இல்ல. கையால தடவிக்கிட்டேதான் அவகிட்டப் போனேன், மல்லேசி."

மல்லேசி அவன் எதிரே குந்தி உட்கார்ந்தான். "இத அப்பவே சொல்லியிருக்கலாமே. ஏன் பொய்?"

"பொம்பள ஓட்டினா, அதான் விழுந்தான்னு ஊரே சொல்லும். டிராக்டர்காரனும் அதையே பிடிச்சுக்குவான்."

"அதுக்கு மட்டும்தானா? வேலை போயிடும்னு இல்லையா?"

பாளப்பா துணியை மடித்தான். மறுபடி பிரித்தான்.

"உன்கிட்டச் சொல்லி ஹூப்ளி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன்னு சொல்லிட்டே இருந்தா," என்றான் கொஞ்சம் கழித்து. "நான்தான் வேண்டாம்னேன்."

முன்பக்கம் சங்கு ஊதினார்கள். சாமி வந்துவிட்டார். மல்லேசி கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு போனான். சங்கப்பா அவனை ஓரமாக இழுத்து, அவன் என்னடா சொல்றான் என்று காதோடு கேட்டார்.

மல்லேசி அக்காவைப் பார்த்தான். தலை இப்போது நேராக நின்றது.

"மாமாதான் ஓட்டியிருக்காரு சித்தப்பா. அக்கா பின்னாலதான்."

சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கு மாமாவின் மேல் கோபம் ஆறவில்லை. மிதித்தவளுக்கு ஒருநாள் கால் வலிக்காதா என்று கேட்டிருப்பானா? வேண்டாம் என்று சொன்னானே, எதற்காகச் சொன்னான்? இதை இனி யாரிடம் கேட்பது?

அவர்கள் நிலத்தின் மூலையில் குழி தோண்டியிருந்தார்கள். தானவ்வாவை உட்கார்ந்தபடி இறக்கி, மடியில் வில்வம் வைத்து, விபூதிக் கட்டிகளை அடுக்கினார்கள். மண் போடப் பாளப்பாவின் முறை வந்தபோது மல்லேசி பின்னால் நின்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக் குழிக்கு நேராகத் திருப்பினான். துக்கத்தில் தள்ளாடுகிறவனைத் தாங்குவதாக எல்லோரும் நினைத்தார்கள். ஒருத்தி அப்போதுதான் அவனுக்காக வாய்விட்டு அழுதாள்.

திரும்பும்போது எல்லோரும் வாய்க்காலில் கை கால் கழுவிவிட்டு, குறுக்கே கிடந்த கல் பலகையில் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். பலகை ஓரடி அகலம்தான். பாளப்பா தண்ணீர்ச் சத்தம் கேட்கிற இடத்தில் நின்றுவிட்டான். செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தான்.

அக்கரைக்குப் போய்விட்ட மல்லேசி திரும்பி வந்தான். தோளிலிருந்த ஈரத்துண்டை எடுத்து ஒரு நுனியை அவன் கையில் திணித்தான்; மறுநுனியைத் தான் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பலகையில் காலை வைத்தான். துண்டு இறுகியது. அதிலிருந்து தண்ணீர் பலகையின் நடுவில் சொட்டிக்கொண்டே போனது.